நெட்புக்கின் ஆயுள்

2007 அக்டோபரில் தைவானின் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி 701 என்ற குட்டி மடிக்கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 4 ஜிபி ஃபிளாஷ் நினைவகம். 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் சிப்பையும் 630க்குக் குறைத்தே ஓட்டினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவுக்கு 15 ஜிபி காலியிடம் வேண்டும் என்பதால் அது இந்த இயந்திரத்தில் நுழையவே முடியாது. ஆசுஸ் ஸாண்ட்ரோஸ் என்ற லினக்ஸை ஏற்றித் தந்தது. மின்னஞ்சல் பார்க்கவும், இணையத்தில் உலவவும், கடிதம் எழுதவும் அது போதுமானதாக இருந்தது. மற்ற நிறுவனங்களும் இதே வழியில் இறங்கின. ஆனால் 2012 முடிவதற்குள் நெட்புக் என்று பெயர் பெற்ற இந்த வகையே கடைகளிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது. சிப்புக்கு வலு போதவில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்தக் கணினிகள் எவ்வளவு வளரலாம், எத்தனை ஆண்டு வாழலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை மென்பொருள் நிறுவனங்களின் முடிவுகளே.

விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியின் விற்பனையை 2008 ஜூன் 30உடன் நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. மலிவான சிறு கணினிகளின் வழியாக லினக்ஸ் சந்தைக்குள் வருவதைக் கண்டதும், அந்த ஆண்டு ஏப்ரலில் அவற்றுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோம் தொடரும் என்றது. அந்தச் சலுகை உரிமத்துக்கு நிபந்தனைகள் இருந்தன. ரேம் 1 ஜிபியைத் தாண்டக்கூடாது. திரைக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் உச்ச அளவு உண்டு. 2009 அக்டோபரில் நெட்புக்குகளுக்கென்று வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில் திரைப் பின்னணிப் படத்தைக்கூடப் பயனர் மாற்ற முடியாது. இந்த உரிம வரம்புகளின் விளைவு, யார் தயாரித்தாலும் ஆட்டம் என்ற சிப், 1 ஜிபி ரேம், 1024×600 திரை என்று நெட்புக்குகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வந்தன. அவற்றில் பலவற்றின் அடிமூடியைத் திறந்து 2 ஜிபி ரேம் போட முடிந்தது. போட்டவர்களும் நிறையப் பேர். வன்பொருள் அனுமதித்ததை உரிமம் அனுமதிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

புதிய இயங்குதளம் என்றாலே கனமானது, பழைய கணினியில் ஏற்றுவது வீண் வேலை என்பது பரவலான எண்ணம். விஸ்டாவை வைத்துப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் விஸ்டாவுக்குப் பின் வந்த விண்டோஸ் 7 ஆட்டம் சிப்பிலேயே ஓடியது. எக்ஸ்பியிலிருந்து அதற்கு நேரடியாக மேம்படுத்த வழியில்லை. எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டும். நெட்புக்கில் டிவிடி டிரைவும் கிடையாது. இந்தத் தேவைக்காக, பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 7ஐ நிறுவ உதவும் கருவி ஒன்றை மைக்ரோசாஃப்டே வெளியிட்டது. அதில் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின் கீழிருந்த நிரல் கலந்திருப்பது வெளிப்பட்டதும் அதைத் திரும்பப் பெற்று, 2009 டிசம்பரில் அதே உரிமத்தின்படி மூலநிரலோடு மீண்டும் தந்தது. லினக்ஸின் வரவைத் தடுக்கத் தொடங்கிய கதையில் இப்படியும் ஓர் அத்தியாயம் உண்டு.

மக்களே லினக்ஸை வேண்டாம் என்றார்கள், நிறுவனங்களைக் குறை சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். லினக்ஸ் நெட்புக்குகள் எக்ஸ்பி நெட்புக்குகளைவிடக் கூடுதலாகத் திருப்பித் தரப்படுகின்றன என்று எம்எஸ்ஐ நிறுவனம் 2008இல் சொன்னது உண்மை. பழகிய மென்பொருள் இல்லாத ஏமாற்றத்தை நான் மறுக்கவில்லை. அது எக்ஸ்பி வென்றதை விளக்கும். 1 ஜிபி வரம்பை விளக்காது. 2010இல் வந்த ஐபேடுதான் நெட்புக்கைக் கொன்றது என்பது இன்னொரு வாதம். இதில் வலு அதிகம். என்றாலும் ஐபேடை எதிர்கொள்ள வேண்டிய நேரத்தில் நெட்புக் இரண்டாண்டு பழைய அளவுகளிலேயே கட்டுண்டு நின்றது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆயுளைத் தீர்மானித்தவை மென்பொருள் முடிவுகளே என்பதைப் பின்னர் நடந்தவையும் காட்டுகின்றன. 2012இல் வந்த விண்டோஸ் 8இன் ஸ்டோர் செயலிகளுக்குக் குறைந்தது 1024×768 திரை வேண்டும். 600 வரிகளே உள்ள நெட்புக் திரைகளில் அவை திறக்காது. அதே ஆண்டு வெளிவந்த குளோவர் டிரெயில் ஆட்டம் சிப்புகளுக்கு 2017இல் விண்டோஸ் 10இன் புதிய பதிப்பு மறுக்கப்பட்டது. 2023 ஜனவரி வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைத்தன. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது, சென்னையின் சி-டாக் கணினி ஆய்வு மையத்தில் உருவான பாஸ் லினக்ஸை நிறுவும்படி தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்குப் பரிந்துரைத்தது. பாதுகாப்புக்குப் புதுக் கணினிதான் வழி என்பதில்லை, இயங்குதளத்தை மாற்றினாலும் போதும் என்பதற்கு அது நல்ல உதாரணம். லினக்ஸ் உலகமும் கதவடைக்கத்தான் செய்கிறது. 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் வட்டை உபுண்டு டெஸ்க்டாப் 2017இல் கைவிட்டது. டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து அதை நிறுத்தியது. பழைய சிப்புக்கும் சேர்த்துச் சோதித்துப் பராமரிக்க ஆள் வேண்டும், டெபியனில் அந்த உழைப்பு தன்னார்வலர்களுடையது. அப்படியும், 2008இல் வந்த ஆட்டம் என்270 என்ற 32 பிட் சிப் கொண்ட நெட்புக்கில் 2023இன் டெபியன் 12ஐ நிறுவ முடிந்தது.