ஆங்கிலத்தில் 'அ', 'அன்': ஓர் எண்ணுப்பெயரின் வரலாறு

ஆங்கிலம் கற்போர் தொடக்க வகுப்பிலேயே மனனஞ் செய்யும் விதிகளுள் ஒன்று, ஒருமைப் பெயர்ச்சொல்லின் முன் 'அ' வருமா, 'அன்' வருமா என்பது பற்றியதாகும். குறித்த பொருளொன்றைச் சுட்டாது, அவ்வினத்துள் ஏதேனும் ஒன்று எனப் பொதுப்பட உணர்த்தும் இச்சொல்லை வரையறாச் சுட்டு எனலாம். உயிரெழுத்தை முதலாகவுடைய சொல்லின் முன் 'அன்' வரும், ஏனையவற்றின் முன் 'அ' வரும் என்பது பாடநூல் விதி. இதனைக் கற்றோர், 'அ' என்பதே மூலவடிவம் என்றும், உயிர் வருமிடத்து ஒலியின்பங் கருதி னகர மெய்யொன்று கூட்டப்படுகின்றது என்றும் கொள்வர். அவ்வாறு கொள்ளுதல் வரலாற்றுக்கு மாறானது. விதியின் வாசகமும் முற்றிலும் பொருத்தமானதன்று. இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் வரையறாச் சுட்டென ஒரு தனிச்சொல் இருக்கவில்லை. பெயர்ச்சொல் தனித்து நின்றே அப்பொருளைத் தந்தது. ஒன்று எனப் பொருள்படும் 'ஆன்' என்னும் எண்ணுப்பெயர் மாத்திரம் இருந்தது. அது பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப உருபேற்றது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதன் பின்னான காலத்தில் ஆங்கிலத்தின் உருபுகள் பெரிதும் தேய்ந்தன. அக்காலத்திலேயே 'ஆன்' என்பதும் இரு வழிகளிற் பிரிந்தது. எண்ணை வற்புறுத்திக் கூறுமிடத்து அது அழுத்தம் பெற்று, நெட்டுயிர் ஓகாரமாகத் திரிந்து, ஈற்றில் இன்றைய 'வண்' ஆயிற்று. எண்ணை வற்புறுத்தாதவிடத்து அழுத்தம் இழந்து 'அன்' எனக் குறுகியது. 12ஆம் நூற்றாண்டளவில், மெய்யொலிக்கு முன்னர் அதன் னகர மெய்யுங் கெடத் தொடங்கியது. ஆகவே உயிரின் முன் னகரம் தோன்றவில்லை. மெய்யின் முன் கெட்டது என்பதே உண்மை. 'என்' எனப் பொருள்படும் 'மைன்' என்பது 'மை' ஆனதும், 'நின்' எனப் பொருள்படும் 'தைன்' என்பது 'தை' ஆனதும் இதே நெறியில் நிகழ்ந்தவையாகும்.

'வண்' என்பதன் முதலில் உள்ள வகரமும் பின்வரவேயாகும். 15ஆம் நூற்றாண்டளவில் அது எழுத்திற் புலப்படுகின்றது. தனியே எனப் பொருள்படும் 'அலோன்', மாத்திரம் எனப் பொருள்படும் 'ஓன்லி' ஆகிய சொற்கள் அதே எண்ணுப்பெயரை அடியாகக் கொண்டவை. அவை வகரம் பெறாது பழைய ஒலியை இன்றும் பேணுகின்றன. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'வண்' என்னுஞ் சொல்லின் முன்னும், வீடு, நூறு என்பவற்றைக் குறிக்கும் ஹகர முதற் சொற்களின் முன்னும் 'அன்' நிற்றலைக் காணலாம். ஒலி மாறிய பின்னரும் எழுத்துமரபு சிலகாலம் நிலைத்தமைக்கு இவை சான்றாகும்.

சுட்டின் னகரம் எச்சொல்லுக்கு உரியது என்பதிற் பேசுவோர்க்கு நேர்ந்த மயக்கம் சுவையான விளைவுகளைத் தந்தது. ஆடைமேல் அணியும் துணியைக் குறிக்கும் 'நாப்ரன்' என்பது பிரெஞ்சு வழிவந்த சொல். 'அ நாப்ரன்' என்பதைக் கேட்டோர் அதனை 'அன் ஆப்ரன்' எனப் பிரித்துணர்ந்தனர். அதுவே இன்றைய 'ஏப்ரன்'. பாம்பு வகையொன்றைச் சுட்டும் 'அடர்' என்பதும் முன்னர் னகர ஒலியை முதலாகக் கொண்டிருந்ததே. ஜேர்மன் மொழியில் அதன் இனச்சொல் இன்றும் 'நற்றர்' என்றே வழங்குகின்றது. துடுப்பாட்டத்தால் நாம் நன்கறிந்த 'அம்பயர்' என்னுஞ் சொல்லின் மூலம், இணையற்றவன், அதாவது இரு சாராரையும் சாராத மூன்றாமவன் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லாகும். அதுவும் தன் முதல் னகரத்தைச் சுட்டுக்கு ஈந்தது. மறுதலையாக, கூடுதற் பெயர் எனப் பொருள்பட்ட 'ஏக்நேம்' சுட்டின் னகரத்தைக் கவர்ந்து, பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' ஆயிற்று.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். தோடம்பழத்தைக் குறிக்கும் 'ஒரேஞ்ச்' என்னுஞ் சொல்லையும் பலர் இவ்வரிசையிற் சேர்ப்பர். அச்சொல் நாரத்தை என்னும் சொல்லோடு தொடர்புடைய திராவிட மூலத்திலிருந்து வடமொழிக்குச் சென்றது என்பது அறிஞர் பலரின் கருத்து. வடமொழியிலிருந்து பாரசீகம், அரபு என்பவற்றின் ஊடாக அது ஐரோப்பாவை அடைந்தது. ஸ்பானிய மொழியில் னகர முதல் இன்றும் உண்டு. ஆனால் இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் அது முன்னரே மறைந்துவிட்டது. ஆங்கிலம் அம்முதலை இழந்த வடிவத்தையே பிரெஞ்சிலிருந்து பெற்றது. எனவே ஆங்கிலச் சுட்டுக்கும் அவ்விழப்புக்கும் தொடர்பில்லை. ஒத்த தோற்றம் மாத்திரம் ஒத்த வரலாற்றுக்குச் சான்றாகாது.

மேற்கூறிய மயக்கங்கள் செவிவழி நிகழ்ந்தவை. 1476இல் வில்லியம் கக்ஸ்ரன் வெஸ்ற்மின்ஸ்ரரில் அச்சகம் நிறுவியதன் பின், சொல்லின் எல்லைகள் கண்ணுக்கும் புலனாகிப் படிப்படியாக நிலைபெற்றன. அச்சு எழுத்துக்கூட்டலை நிறுத்தியது. ஒலி மாற்றத்தை நிறுத்தவில்லை. இன்றைய இடர்ப்பாடுகளுக்கெல்லாம் இப்பிளவே காரணம். 'யூனிவேர்சிற்றி' உயிரெழுத்தால் எழுதப்படினும் யகர ஒலியோடு தொடங்குதலின் 'அ' பெறும். அவ்வெழுத்தின் ஒலி முன்னர் உயிரையே முதலாகக் கொண்ட ஈருயிராக இருந்தது. இதனாலேயே, 1787இல் வரையப்பட்ட ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பில், ஒருசீரானது எனப் பொருள்படும் 'யூனிபோம்' என்னுஞ் சொல்லின் முன் 'அன்' காணப்படுகின்றது. மணித்தியாலத்தைக் குறிக்கும் 'அவர்' ஹகர எழுத்தோடு எழுதப்படினும் அவ்வெழுத்து ஒலிக்காமையின் 'அன்' பெறும். 'எம்.ஏ.' பட்டதாரிக்கு 'அன்' உரியது, 'பீ.ஏ.' பட்டதாரிக்கு 'அ' உரியது. எழுத்தன்று, ஒலியே விதி.

ஹகரத்தின் வரலாறு சமூகச் சார்பும் உடையது. பிரெஞ்சு வழிவந்த சொற்களில் அது முன்னர் ஒலிக்கவில்லை. எழுத்தைப் பார்த்து ஒலிக்கும் வழக்கம் பரவவே, பல சொற்களில் அது ஒலிபெற்றது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹகரத்தை விடுத்துப் பேசுதல் கல்லாமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. 1849–1850இல் வெளிவந்த 'டேவிட் கொப்பர்பீல்ட்' நாவலில், யூரியா ஹீப் என்னும் பாத்திரம் பணிவைக் குறிக்கும் சொல்லை ஹகரமின்றியே எப்பொழுதும் உச்சரிக்கின்றது. ஒருகால் வழக்காயிருந்த உச்சரிப்பே பிற்காலத்தில் நகைப்புக்கு உரியதாயிற்று. மூலிகையைக் குறிக்கும் சொல்லில் அமெரிக்கர் இன்றும் ஹகரத்தை ஒலியாது 'அன்' இடுவர். பிரித்தானியர் ஒலித்து 'அ' இடுவர். வரலாற்றுத் தொடர்பானது எனப் பொருள்படும் 'ஹிஸ்ரோரிக்கல்' முதலிய சொற்களின் முன் 'அன்' எழுதும் பழக்கத்தை, ஹகரம் ஒலிக்கத் தொடங்கியபின் அது வெறும் புலமைப் பகட்டே என்னுங் கருத்துப்பட, 1926இல் வெளியான தம் ஆங்கில வழக்கு நூலில் பவுலர் கண்டித்தார். ஆயினும் அவ்வழக்கு முற்றாக ஒழியவில்லை.

எண்ணுப்பெயர் வரையறாச் சுட்டாதல் ஆங்கிலத்துக்கு மாத்திரம் உரிய நிகழ்ச்சியன்று. பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் எண்ணுப்பெயரே இன்றும் சுட்டாக நிற்கின்றது. சிங்களத்தில் 'பொத' என்பது குறித்த புத்தகத்தையும், 'பொதக்' என்பது ஏதேனும் ஒரு புத்தகத்தையும் உணர்த்தும். அவ்வீறு ஒன்றைக் குறிக்கும் 'எக்க' என்பதோடு தொடர்புடையது. தமிழில் உயிர்முன் 'ஓர்' என்பதும் மெய்முன் 'ஒரு' என்பதும் வரும். ஓர் ஊர், ஒரு யானை என்போம். ஆனால் தமிழில் இச்சொல் கட்டாயமானதன்று. 'புத்தகம் வாங்கினேன்' என்றாலே பொருள் நிரம்பும். தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் எழுதுகையில் சுட்டை விட்டுவிடுதல் அறியாமையின் விளைவன்று. தாய்மொழி அமைப்பின் விளைவு. பழைய ஆங்கிலமும் அவ்வாறே சுட்டின்றி இயங்கியது என்பது நினைவுகொள்ளத்தக்கது.

எனவே ஆங்கிலம் கற்பிப்போர் எழுத்துப் பட்டியலை ஒப்புவிப்பதினும் சொல்லின் முதலொலியைக் கேட்கப் பயிற்றுதல் நன்று. ஐயம் நேருமிடத்து அச்சொல்லைத் தமிழ் எழுத்திலே எழுதி நோக்கின் பெரும்பாலும் விடை தானே புலப்படும். ஏனெனில் நம் எழுத்து சொல்லின் முதலொலியை மறைப்பதில்லை. விதிகள் மொழிக்கு வெளியே நின்று விதிக்கப்பட்டவை அல்ல. பேசிய மக்களின் நாவும் செவியும் நூற்றாண்டுகளாக விட்டுச்சென்ற தடங்களே அவை. அத்தடங்களை அறிந்து கற்பவன் பிறமொழி விதியை அஞ்சிப் பின்பற்றான், விளங்கிக் கையாளுவான்.