முதலாம் வகை நீரிழிவு: சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே காட்டும் சிறுநீர்ப் பரிசோதனை

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்சுலின் ஊசியோடு வாழும் ஒரு தொழிலாளிக்கு, கிளினிக் நாள் என்றால் அன்றைய பேர் இல்லை. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் பஸ் ஏறி, வரிசையில் நின்று, சீனியின் அளவைப் பார்த்து, மருந்தோடு வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். சம்பளத்தை விட்டுச் செல்லும் அந்த நாளில், வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒரு சிறுநீர்ப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

முதலாம் வகை நீரிழிவில், சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே அழித்துவிடுகிறது. பெரும்பாலும் சிறுவயதிலோ இளவயதிலோ தொடங்குவதால், நாற்பது வயதுக்குள்ளேயே பலர் இந்நோயோடு இருபது ஆண்டுகளைக் கடந்துவிடுகின்றனர். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதடைய அந்தக் காலம் போதும். ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ இருக்காது. சிறுநீரில் நுரை தோன்றுவது பெரும்பாலும் பிந்திய அறிகுறி.

எதை அளக்கிறார்கள்?

குருதியில் உள்ள அல்புமின் என்ற புரதத்தை நல்ல வடிகட்டி வெளியே விடாது. வடிகட்டி பழுதடையத் தொடங்கும்போது அது சிறிதளவில் கசியும். சிறுநீரிலுள்ள அல்புமினைக் கிரியேட்டினினோடு ஒப்பிட்டு இந்தக் கசிவை அளக்கிறார்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவான அல்புமின் இயல்பானது. 30 முதல் 300 வரை ஆரம்ப எச்சரிக்கை. 300ஐத் தாண்டினால் கடுமையான கசிவு. சாதாரண சிறுநீர்ப் பட்டிகை ஆரம்பக் கசிவைத் தவறவிடலாம்.

நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆனதும் இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். அல்புமின் கசியாமலே சிலருக்குச் சிறுநீரகம் பலவீனமடைவதால், குருதியில் கிரியேட்டினினும் பார்க்கப்பட வேண்டும்.

மலையேறிய பின் கொடுக்கும் மாதிரி

கடும் உடலுழைப்பு, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், மிக உயர்ந்த சீனி ஆகியன அல்புமினைத் தற்காலிகமாகக் கூட்டும். முதல் நாள் முழுவதும் செங்குத்தான மலையில் கொழுந்து பறித்தவரின் முடிவும் கூடியிருக்கலாம். காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதல் சிறுநீரே சிறந்தது. ஒரு முடிவைக் கண்டு பயப்பட வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டாவது கூடியிருந்தால்தான் உறுதி.

சிறுநீரகக் குழாய்களின் சேதத்தைக் காட்டும் கிம்-1, என்கால் போன்ற குறிகாட்டிகளும் ஆராயப்படுகின்றன. ஆனால் நீரிழிவு கிளினிக்கின் வழக்கமான பரிசோதனை இன்றும் அல்புமின்தான். வடமத்திய மாகாண விவசாயிகளைத் தாக்கும், காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் வேறானது. அது குழாய்ப் பகுதியைத் தாக்குவதால் ஆரம்பத்தில் அல்புமின் அதிகம் வெளியேறாது.

பிடித்து நிறுத்தலாம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவுள்ள 1,441 பேரிடம் நடந்து 1993இல் வெளியான ஆய்வு, சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில் ஆரம்ப அல்புமின் கசிவு 39 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. கசிவு உறுதியானால் எனலாப்ரில், லொசார்டன் போன்ற மருந்துகளை வைத்தியர் தரலாம். கர்ப்பிணிகளுக்கு இவை ஆகாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதுகுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் மாத்திரைகள் பழுதடைந்த சிறுநீரகத்துக்கு மேலும் கெடுதல்.

போர்க்கால மருந்துத் தட்டுப்பாட்டில் இன்சுலின் ஒழுங்காகக் கிடைக்காமல் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். கட்டுப்பாடின்றிக் கழிந்த அந்த ஆண்டுகளின் விளைவு பின்னரும் வெளிப்படலாம். அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம், “எனக்குச் சிறுநீரில் அல்புமின் கடைசியாக எப்போது பார்த்தது?” என்று கேளுங்கள். முடிவைக் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதி வாங்குங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.