இரு குடங்களின் வரலாறு: நாகை–கடாரக் கடல்வழியில் நன்னீரும் கழிவுத் தூய்மையும்

கடாரம் என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவன, முதலாம் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களுமே ஆகும். அக்கடலைக் கடந்தவர்கள் எதைக் குடித்தனர், எங்கே மலசலம் கழித்தனர், எந்நீரால் கை கழுவினர் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. இவை இழிந்த வினாக்கள் அல்ல. கெடாவின் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்து சேர்ந்த வரலாற்றின் ஒரு பகுதி இவ்வினாக்களுக்குள் அடங்கியுள்ளது.

முதலில் பயணத்தின் நீளத்தைக் காண்போம். ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி இட்சிங், தம் காலத்துத் துறவியர் பலரின் பயணங்களைத் தொகுத்து எழுதினார். அவருள் ஒருவர், கெடா என அறிஞர் கருதும் துறையிலிருந்து மேற்கே முப்பது நாள் கப்பலோட்டி நாகப்பட்டினத்தை அடைந்தார் என்பது அத்தொகுப்பின் செய்தி. இம்முப்பது நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு பேர் ஏறிய ஒரு பாய்க்கப்பலில், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கொண்டால், 12,000 லிட்டர் நன்னீர் வேண்டும். அதன் எடை 12 டன். ஏற்றிய நீர் ஒவ்வொன்றும் ஏற்றாமல் விட்ட சரக்காகும். ஆகவே கப்பலில் நீர் எப்போதும் வணிகத்தோடு போட்டியிட்டது.

காற்று பொய்த்தாலோ வழி தவறினாலோ இக்கணக்கு குலைந்துவிடும். 414ஆம் ஆண்டில் சாவகத்திலிருந்து சீனம் நோக்கிச் சென்ற பாகியானின் கப்பலுக்கு அதுவே நேர்ந்தது. ஐம்பது நாளில் முடியவேண்டிய பயணம் எழுபது நாளைக் கடந்தது. கடல்நீரில் சமைத்தனர், எஞ்சிய நன்னீரை ஆளுக்கு இரண்டு ஷெங் எனப் பங்கிட்டனர். இன்றைய அளவில் அது அரை லிட்டருக்கும் குறைவு எனக் கணிக்கலாம்.

இத்தட்டுப்பாட்டைக் கடலோடிகள் பல வழிகளில் எதிர்கொண்டனர். மழை பெய்யும்போது பாயை விரித்து நீர் பிடிப்பது ஒன்று. பாயில் படிந்த உப்பு கரையுமட்டும் முதல் நீரை வழியவிட்டுப் பின்னரே சாடியில் சேர்ப்பர். இடைவழித் தீவுகளில் இளைப்பாறுவது மற்றொன்று. கெடாவிலிருந்து வடக்கே சென்ற இட்சிங்கின் கப்பலை, நிக்கோபார் எனக் கருதப்படும் தீவின் மக்கள் தேங்காய்களோடு சூழ்ந்தனர். இரு விரல் அளவு இரும்புக்கு ஐந்து அல்லது பத்துத் தேங்காய் கொடுத்தனர். நன்னீரைக் கெடாமல் காக்கும் இயற்கைக் கலம் அத்தேங்காய்.

கழிப்பிடத்தைப் பாய்க்கப்பலில் காற்றே தீர்மானித்தது. காற்று பெரும்பாலும் பின்னாலிருந்து வீசுவதால், ஐரோப்பியரின் பெரிய பாய்க்கப்பல்களில் மாலுமிகளின் கழிப்பிடம் முன்புறமான அணியத்தில் அமைந்தது. நாற்றம் முன்னோக்கிப் போகும். அலை வந்து கழுவிவிடும். கால் கழுவக் கடல்நீர் போதும். ஆனால் நோயாளியும் குழந்தையும் கடல் கொந்தளிக்கும் இரவில் அணியம் வரை செல்ல இயலாது. கழிவு தளத்தின்மீதும் அடிக்கிடங்கிலும் தங்கியது. நீர்ப்பீப்பாய்க்கும் அதற்கும் இடைவெளி குறைந்தது.

இவ்விடத்தில் இட்சிங் பதிந்துவைத்த ஒரு விதி நம் கருத்துக்குரியது. துறவிக்கு நீர்க்கலம் இரண்டு வேண்டும் என்கிறார் அவர். குடிநீருக்கு மண் அல்லது பீங்கான் கலம்; கழிவுக்குப் பின் தூய்மை செய்ய செம்பு அல்லது இரும்புக் கலம். தூய கலத்தைத் தூய கையால் மட்டுமே எடுக்கவேண்டும். தூய இடத்திலேயே வைக்கவேண்டும். இது சமய ஒழுக்கமாகச் சொல்லப்பட்டதே அன்றிக் கிருமியறிவால் எழுந்ததன்று. வாந்திபேதி நீரால் பரவுகிறது என்பதற்கு இலண்டனில் ஜான் ஸ்நோ சான்று காட்டியது 1854இல்தான். எனினும் அந்த இரு குடங்களின் பிரிவினை, கப்பலில் உயிர் காக்கத்தக்க ஒழுங்கே ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே நாகைத் துறையிலிருந்து பினாங்குக்குத் தமிழ்த் தொழிலாளர் பாய்க்கப்பல்களில் வந்தனர். பின்னர் நீராவிக் கப்பல்களில் வந்தனர். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளுக்கு உரிமம் பெற்றிருந்தது. பயண நாள்கள் குறைந்தன, நெரிசல் குறையவில்லை. நோய் கண்ட கப்பலின் பயணிகள் ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் தங்கவேண்டியிருந்தது. பிறகே கூலிம், லூனாஸ், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களின் லயங்கள். அங்கும் பொதுக் கிணறு, வாளிக் கழிப்பிடம் என்று அதே சிக்கல் கரையேறியது.

தொழிலாளரின் பழக்கமே நோய்க்குக் காரணம் என்று எழுதிவிடுவது எளிது. இரு குடம் வைத்துக்கொள்ள இடம் வேண்டும், நீர் வேண்டும், அவற்றின்மீது உரிமை வேண்டும் என்பதை நாம் மறக்கலாகாது. இட்சிங்குக்கு அம்மூன்றும் இருந்தன. தளத்தில் நெருங்கிப் படுத்த தொழிலாளிக்கு நீர் மற்றவர் அளந்து கொடுத்த பொருள். அறியாமையைவிட இந்த உரிமையின்மையே அவரை நோய்க்கு ஆளாக்கியது என்பது எம் கருத்து.

ஆசிரியர்கள் மாணவர்களை மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்கையில், அருகே ஜெராய் மலையிலிருந்து இறங்கும் ஓடையையும் காட்டவேண்டும். முப்பது நாள் கடலில் செல்லவிருந்த கலம் தன் சாடிகளை எங்கே நிரப்பியிருக்கும் என்று கேட்கவேண்டும். பின்னர், தம் தாத்தா பாட்டியர் வந்த கப்பலில் குடிநீர் எவ்வாறு கிடைத்தது, கழிப்பிடம் எங்கிருந்தது என்று வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லவேண்டும். அவ்விடைகளைக் கூறவல்லோர் நம்மிடையே குறைந்து வருகின்றனர்.