கிர்நார் மலையும் மறைந்த ஏரியும்

சௌராட்டிரத்து ஜூனாகட் நகரிலிருந்து கிர்நார் மலைக்கு ஒரு பகல் நடையாக நாம் புறப்பட்டது விடியுமுன். ஏறத்தாழப் பதினாயிரம் படிகள். 2020-ஆம் ஆண்டு முதல் அம்பாஜி கோயில் வரை கம்பிவட ஊர்தி செல்கிறது. நாமோ நடந்தே ஏறினோம். முழங்கால்கள் அதனை இன்னும் மன்னிக்கவில்லை.

குசராத்தின் மிக உயர்ந்த இடமான கோரக்நாத் சிகரத்தில் நின்று நம் கண்கள் தேடியது ஓர் ஏரியை. சுதர்சனம் என்பது அதன் பெயர். காட்சிக்கு இனியது என்று பொருள். அவ்வேரி இன்று இல்லை. அதன் வரலாறோ, நகருக்கும் அடிவாரத்துக்கும் இடையே ஒரு பாறையில் இருக்கிறது. காலையில் இருளில் அதனைக் கடந்து சென்ற நாம், இறங்கி வந்தபின் அதன்முன் நின்றோம்.

பாறையில் முதலில் பொறிக்கப்பட்டவை அசோகனின் கட்டளைகள். இரண்டாம் கட்டளையில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்களைக் காணும் தமிழர்க்கு, களைப்பு பாதி நீங்கிவிடும். அச்சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்பதற்கு 1981-இல் அறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு சான்றாயிற்று.

ஏரியின் கதையைச் சொல்வது அதே பாறையிலுள்ள உருத்திரதாமனின் வடமொழிக் கல்வெட்டு. சந்திரகுப்த மௌரியனின் ஆளுநன் புஷ்யகுப்தன் ஏரியை அமைத்தான். அசோகன் காலத்தில் யவனனான துஷாஸ்பன் கால்வாய்கள் வகுத்தான். சக ஆண்டு 72-இல், அதாவது கி.பி. 150-இல், மார்கசீரிடத் திங்களில் பெய்த பெருமழையால் மலையாறுகள் பொங்கின, கரை உடைந்தது. உடைப்பின் நீளம் 420 முழம், அகலமும் அவ்வளவே, ஆழம் 75 முழம். நீர் முழுதும் வடிந்து ஏரி பாலையாயிற்று.

இதன்பின் கல்வெட்டு கூறுவதே நம்மைப் பெரிதும் ஈர்த்தது. உடைப்பின் பெருமை கண்டு அமைச்சர்கள் ஊக்கம் இழந்து அப்பணியை மறுத்தனர். இனி அணை எழாது என்று குடிகள் ஓலமிட்டனர். அப்போது பகலவனான ஆளுநன் சுவிசாகன் பணியை முடித்தான். வரியோ வெட்டிவேலையோ கட்டாயக் கொடையோ சுமத்தாமல், தன் கருவூலப் பொருளாலேயே கரை கட்டப்பட்டதாக அரசன் பெருமை கொள்கிறான். மன்னர் புகழுரைதான், ஆயினும் கரை கட்டுதல் என்றால் அக்காலக் குடிகள் எதற்கெல்லாம் அஞ்சினர் என்பதை அப்புகழுரையே காட்டிக்கொடுக்கிறது!

கந்தகுப்தன் காலத்தில், கி.பி. 455-56 அளவில், கரை மீண்டும் உடைந்தது. ஆளுநன் பர்ணதத்தனின் மகன் சக்கரபாலிதன் அடுத்த ஆண்டே அதனைச் செப்பனிட்டான். அச்செய்தியும் இப்பாறையிலேயே உள்ளது. சந்திரகுப்தன் காலந்தொட்டு எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஏரி அது. அடுத்த உடைப்பைப் பற்றிய எழுத்து எதுவும் பாறையில் இல்லை.