கவலை ஓய்ந்த மாதங்கள்



தோட்டம் என்றதும் உங்களுள் நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு ரோஜாச் செடியும் குரோட்டன்ஸ் தொட்டியும் நினைவுக்கு வரக்கூடும். எங்கள் கொங்கு நாட்டில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு கிணறும், அக்கிணற்று நீர் பாயும் நிலமும், நடுவே வீடும், வீட்டையொட்டி மாட்டுக் கட்டுத்தரையும் சேர்ந்ததே தோட்டம். நன்செய், புன்செய் என்ற இரு பிரிவுகள் போதாமையால் வருவாய்த் துறையாரே தோட்டக்கால் என்று மூன்றாவது பிரிவு ஒன்றை வைத்துக்கொண்டனர். 1887-இல் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரி தொகுத்த கோயமுத்தூர் மாவட்டக் கையேடு, இக்கிணற்று வேளாண்மையை விரிவாகவே பேசுகின்றது. எத்தனை கிணறு, என்ன பயிர், எவ்வளவு வரி என்பனவற்றை ஏடுகளில் தேடிக் காணலாம். ஆனால் கிணறு வறண்டு, ஏரும் ஓய்ந்திருந்த மாதங்களில் அத்தோட்டக்காரர் எதில் மனம் செலுத்தினார் என்பதை எந்த வரி ஏடும் எழுதி வைக்கவில்லை. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

என் ஊராகிய சேவூர், அவிநாசியிலிருந்து புளியம்பட்டி செல்லும் சாலையில் உள்ளது. சே என்றால் எருது என்பது நீங்கள் அறிந்ததே. மேற்கு மலைத் தொடரின் மழை மறைவில் கிடப்பதால், தென்மேற்குப் பருவம் எங்களுக்கு மழையைக் காட்டிலும் காற்றையே மிகுதியாகக் கொடுக்கும். ஆடியில் நிலக்கடலை விதைப்போம். கார்த்திகைக்குள் பிடுங்கி முடிப்போம். கிணற்று நிலத்தில் பருத்தியும் புகையிலையும் இராகியும் விளையும். மாசி பிறந்தால் கிணற்றில் நீர் கீழே போய்விடும். வைகாசி முடியும் வரை நிலத்தில் பெரிய வேலை கிடையாது.

அந்நாளில் நீர் இறைத்த கருவிக்குக் கவலை என்று பெயர். கபிலை என்பதே கவலை ஆயிற்று என்பர். எனினும் அதனை ஓட்டியவர்கள் பெயர்க்காரணம் தேடி அகராதியிடம் போயிருக்கமாட்டார்கள்! இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி வடக்கயிற்றை இழுக்க, அடியில் தோல் தும்பி கோத்த சால் நீரோடு மேலே வரும். வால்கயிற்றைத் தளர்த்தியதும் நீர் வாய்க்காலில் கொட்டும். மீண்டும் எருதுகள் பின்னோக்கி மேடேறும். எருதுகள் இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின்மேல் அமர்ந்துகொள்வார். விடியலுக்கு முன் பூட்டினால் வெயில் ஏறும் வரை இதே நடைதான். இத்தகைய உழைப்பு ஓயும் மாதங்கள் எவ்வளவு இனித்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் வழக்கில் அப்பாரு எனப்படும் என் தந்தையின் தந்தை, அம்மாதங்களில் கயிறு திரிப்பார். கற்றாழை நாரும் புளிச்சை நாரும் ஊறி உலர்ந்து திண்ணையில் காத்திருக்கும். வடக்கயிறு திரிப்பது வேலை. ஆனால் எருதின் மூக்கணாங்கயிற்றுக்கு இரு நிறம் கலந்து முறுக்குவதும், கட்டிலுக்குப் பூப்பின்னல் போடுவதும் வேலையாகா. யாரும் கேட்கவில்லை, கூலியும் இல்லை. கை விரும்பியது, செய்தார். வெள்வேல மரத்தில் மேழி செதுக்குவோரும் இருந்தனர். பிற்பகல் ஆனால் கோயில் திண்ணைக் கல்லில் கொத்தியிருந்த கட்டங்களைச் சுற்றிக் கூட்டம் கூடும். மூன்று புலி, பதினைந்து ஆடு. கணக்கில் நான் கற்பித்த எந்தப் பாடமும் என் மாணவர்களை அந்த ஆட்டத்தைப் போல் சிந்திக்க வைத்ததில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.

இரவுகள் இன்னும் செழுமையானவை. மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டு நடந்து கம்பம் நட்டுவிட்டால், இளைஞர் பறையொலிக்கேற்பக் கம்பத்தைச் சுற்றி ஆடுவர். வள்ளி முருகனை மணந்த கதையை ஆசிரியர் பாட, வட்டமாக நின்றவர்கள் அடவு பிசகாமல் ஆடிக்கொண்டே பின்பாட்டுப் பாடுவது வள்ளிக் கும்மி. எல்லாவற்றிலும் நீண்டது உடுக்கடிப் பாட்டு. பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மாரின் கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பாடுவார்கள். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் அவ்விருவருக்கும் பெருவிழா எடுப்பதும் மாசியில்தான். நிலம் ஓய்ந்த மாதத்திலேயே கதை விழித்துக்கொள்கிறது.

வேளாண்மை இல்லாத மாதங்களை வீண் காலமாகக் கண்டவர்களும் உண்டு. அவர்கள் எளியவர் அல்லர். உழவர் ஆண்டில் பல மாதங்கள் வேலையின்றி இருக்கின்றனர், அக்காலத்திற்குரிய துணைத்தொழில் இராட்டையே என்று காந்தியடிகள் ஓயாமல் வலியுறுத்தினார். 1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் நிறுவப்பட்டது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் அமைந்தது. அதே ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி ஆசிரமம் தொடங்கினார். எங்கள் சுற்றுவட்டார ஊர்களிலும் பெண்கள் நூற்றுக் கூலி பெற்றனர். அடிகளின் கணக்கு பிழையானதன்று. ஏனெனில், நான் இதுவரை வருணித்த ஓய்வு எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. நிலமில்லாப் பண்ணையாளுக்குக் கோடை என்பது கூலியில்லாக் காலம். கம்பத்தைச் சுற்றி ஆடியவர் வீட்டில் சோளம் இருந்தது. பறை கொட்டியவர் வீட்டில் இருந்ததா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு அந்த இரவுகள் பொழுதுபோக்கல்ல, அரை வயிற்றுக்கான வழி. இதனைச் சொல்லாமல் பழைய கோடையைப் புகழ்வது வரலாறு ஆகாது.

பின்னர் ஓய்வே குறையலாயிற்று. 1932-இல் பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் கோவைக்கு வந்தது. மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் அங்கேயே எழுந்தன. எங்கள் தோட்டத்திற்கு மின்கம்பம் வந்தபோது எனக்கு ஆறு வயது. எருதுகள் சரிவில் இறங்குவது நின்ற அன்று அப்பாரு வெகுநேரம் கிணற்றடியில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. மகிழ்ச்சியா வருத்தமா என்று அவ்வயதில் எனக்குத் தெரியவில்லை. அதன்பின் ஆழ்துளைக் கிணறுகள். 1990-இல் எல்லா உழவர்க்கும் இலவச மின்சாரம். நீர் இருக்கும் வரை மாசியிலும் இறைத்தார்கள். நீர் அற்றுப்போனவர்களைத் திருப்பூரின் பனியன் தொழில் அழைத்துக்கொண்டது. 1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிப் பெருகியபின், விடியலில் வண்டி ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிச் செல்லலாயிற்று. பறை கொட்டியவரின் பிள்ளைகளும் அதில் ஏறினர். வாரந்தோறும் கையில் கூலி வந்தது. அதனைக் குறை கூற எனக்கு வாய் இல்லை.

என்னைக் குறை கூற மட்டும் காரணம் உண்டு. 1984-இல் நான் புதிய ஆசிரியன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கற்ற உளவியலெல்லாம் நெஞ்சில் பசுமையாக இருந்த காலம். ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன் பங்குனி மாதம் முழுதும் பாட வேளையில் உறங்கினான். விசாரித்தபோது, அவன் தாத்தா உடுக்கடிப் பாடகர் என்றும், இரவில் பேரனைப் பக்கத்தில் உட்கார்த்திப் பின்பாட்டுப் பாட வைக்கிறார் என்றும் தெரிந்தது. முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். பெரியவரை வரவழைத்தேன்.

“ஏனுங்க வாத்தியாரே, கெணத்துல தண்ணி இருந்தா நானே பாட மாட்டனுங்க. இப்ப நாங் கையோட சொல்லிக் குடுக்காட்டி, அப்பறம் பையன் ஆருகிட்டக் கத்துக்குவானுங்க?” என்று கேட்டார்.

அதற்கு நான் சொன்ன விடை முழுதும் இப்போது நினைவில்லை. தேர்வு, எதிர்காலம் என்ற சொற்கள் அதில் இருந்தன. பெரியவர் மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வணங்கிவிட்டுப் போனார். மறுநாள் முதல் சிறுவன் வகுப்பில் விழித்திருந்தான். தேர்விலும் தேறினான்.

இதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, எங்களுக்குத் தென்கிழக்கே காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்னும் மானிடவியலாளர் தங்கியிருந்தார். 1965-இல் உடுக்கடிப் பாடகர்கள் இரவு இரவாகப் பாடிய அண்ணன்மார் கதையை அவர் நாடாக் கருவியில் பதிந்துகொண்டார். அது 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாகத் தமிழும் ஆங்கிலமுமாக நூலாயிற்று. கடல் கடந்து வந்த ஒரு பெண்மணிக்கு அரும்பொருளாகத் தோன்றியது, உள்ளூர் வாத்தியாராகிய எனக்குத் தூக்கக் கேடாகத் தோன்றியது. எங்கள் பள்ளி அலமாரியிலும் ஒரு நாடாக் கருவி பூட்டிக் கிடந்தது. ஆங்கில உச்சரிப்புக்கென்று வந்தது. சாவி என்னிடமே இருந்தது.

வள்ளிக் கும்மிக்கு இன்று மறுவாழ்வு வந்திருக்கிறது. ஆண்களே ஆடிவந்த அதனைப் பெண்களுக்கும் கற்பித்த மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டிப் பத்திரப்பனுக்கு, 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எங்கள் பகுதியிலும் ஞாயிறு மாலைகளில் பயிற்சி நடக்கிறது. ஆடுபவர்களுள் பலர் வாரம் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர்கள். மாசியும் கோடையும் தந்த ஓய்வு சுருங்கி, வாரத்தில் ஒரு மாலையாகியிருக்கிறது.

சென்ற ஆண்டு அப்பயிற்சியைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஐம்பதைக் கடந்த ஒருவர் மகளை அழைத்துவர வந்திருந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அருகில் வந்து வணங்கியபின்தான் ஏழாம் வகுப்புச் சிறுவன் என்று அடையாளம் தெரிந்தது. தாத்தா இறந்து முப்பது ஆண்டுகள் ஆயின என்றார். பிறகு சற்றுத் தயங்கி, “சார், தாத்தா பாடுனதுல ஆத்தங்கரையில ரெண்டு பேரும் பிரியற எடம் வருமுங்க. ரெண்டு வரி ஞாபகம் இருக்குது, அதுக்கு மேல வரமாட்டீங்குது. நீங்க அப்பவே நெறய எழுதி வெப்பீங்க. அதையும் எழுதி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

அவர் பெயருக்கு நேரே நான் எழுதி வைத்திருந்தது, ‘வகுப்பில் உறங்குகிறான்’ என்பது ஒன்றுதான்.