குவிமாடம் கட்டாயமா?

ஒரு சின்னப் பரீட்சை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பள்ளிவாசலை நினைத்துப் பாருங்கள். என்ன தெரிகிறது? மேலே குவிமாடம், பக்கத்தில் மினார்... சரியா? நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்கு பஸ்ஸில் போனால் கண்ணில் படுகிற புதுப் பள்ளிவாசல்கள் பலவும் அப்படித்தான்.

இந்த இரண்டும் மார்க்கம் போட்ட கட்டளையா? இல்லவே இல்லை! கி.பி. 622-ல் மதீனா வந்த நபிகள் நாயகம் அங்கே கட்டிய பள்ளிக்கு மண்கல் சுவர், பேரீச்ச மரத் தூண், மேலே ஓலை. அவ்வளவுதான். தொழுகைக்கு வேண்டியது சுத்தமான இடம், ஒளு செய்யத் தண்ணீர், மக்காவை நோக்கிய திசை. நம் ஊரில் அதை 'மேற்கு' என்று சொல்லிவிடுகிறோம். கணக்குப் போட்டால், கன்னியாகுமரிக்கு மக்கா மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி இருக்கிறது!

பின்னே குவிமாடம் எங்கிருந்து வந்தது? தொழுகையில் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நிற்க வேண்டும். நடுவில் தூண் வந்தால் வரிசை உடையும். வெறும் செங்கல்லையும் கல்லையும் வைத்துக்கொண்டு, தூணில்லாமல் பெரிய கூடத்தை மூட அந்தக் காலக் கொத்தனார் கண்ட வழிகளில் ஒன்று அது. அலங்காரமல்ல, என்ஜினீயரிங்!

மழை கொட்டுகிற மலையாளக் கரையில் கதையே வேறு. இங்கே மரம் தாராளம். கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளியைப் பாருங்கள். மர வேலைப்பாடு, சரிந்த ஓட்டுக்கூரை, மினாரே கிடையாது. 1510-ல் போர்ச்சுக்கீசியர் தீ வைத்தும் பிழைத்தது. தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூரை புதிதல்ல. அரண்மனை, கோயில், பள்ளி எல்லாவற்றுக்கும் ஒரே மழை. ஒரே தச்சு மரபு.

பிறகு வந்தது கான்கிரீட். 1956 வரை நாஞ்சில் நாடு சேர்ந்திருந்த திருவிதாங்கூர்-கொச்சியின் தலைநகர் திருவனந்தபுரம். அங்கே பாளையம் பள்ளி 1960-களில் புதிதாக எழுந்தது. 1967-ல் திறந்து வைத்தவர் ஜனாதிபதி ஜாகிர் உசேன். கட்டுகிற பொறுப்பு கோவிந்தன் என்கிற கான்ட்ராக்டருக்கு. கூடவே நின்று தொழில் கற்ற மகன் கோபாலகிருஷ்ணன், பிற்பாடு பீமாபள்ளி உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளைக் கட்டினார். இருவரும் இந்துக்கள்!

குவிமாடம் அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் கான்கிரீட் தளமே தூணில்லாமல் கூடத்தை மூடிவிடுகிறபோது, மேலே உட்காருகிற குவிமாடம் பல இடங்களில் வெறும் தொப்பி. உள்ளே நின்று தொழுகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

துணிந்து மாற்றினால் என்ன ஆகும்? துருக்கியின் வேதத் தாலோகாய் 1957-ல் அங்காரா பள்ளிக்கான போட்டியில் ஜெயித்தார். புதுமை அதிகம் என்று எதிர்ப்பு கிளம்ப, அஸ்திவாரத்தோடு திட்டம் நின்றது. மனிதர் விடவில்லை. இஸ்லாமாபாத்தில் பாலைவனக் கூடாரம் மாதிரி, குவிமாடமே இல்லாத ஃபைசல் பள்ளி அவர் வரைந்ததுதான். 1986-ல் முடிந்தது. உள்ளே தூண் கிடையாது!

டாக்காவில் மரினா தபசும் இன்னும் ஒரு படி மேலே போனார். 2012-ல் அவர் முடித்த பைத்துர் ரவூஃப் பள்ளியில் குவிமாடமும் இல்லை, மினாரும் இல்லை. செங்கல், காற்று, கூரைத் துளைகள் வழியே சிதறுகிற வெளிச்சம். 2016-ல் ஆகா கான் விருது கிடைத்தது.

ஜனம் பெருகினால் பள்ளியைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பழைய ஓட்டுப் பள்ளியை இடிக்கும் முன் ஜமாஅத் பெரியவர்கள் ஒரு வரவு செலவு எழுதிப் பார்க்கலாம். செலவுக் கணக்கில் சிமென்ட்டும் கம்பியும் மட்டும் வந்தால் போதாது. போனால் திரும்பாத உத்தரம், வெயில் ஏறாத கூடம், வருஷத்துக்கு இரண்டு பருவமழையை வழியவிட்ட கூரை... இவற்றையும் எழுதுங்கள். அப்புறம் தீர்மானிக்கலாம்.