பின்பாரமும் பிரேக்கும்: கொங்குச் சாலைகளில் வண்டியை நிறுத்திய வரலாறு

கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், காங்கயத்துக்கும் கரூருக்கும் இடையே அமைந்த வெள்ளகோவில், வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் ஓட, இரண்டுக்கும் நடுவே மேட்டுக்காடாக நீளும் வறண்ட நிலத்தின் ஊர். கிளுவை வேலி அடைத்த கொறங்காடுகளில் கொழுக்கட்டைப்புல்லை மேய்ந்து வளர்ந்த காங்கயம் மாடுகளே இங்கு நெடுங்காலம் பாரத்தை இழுத்தன. பின்னர் விசைத்தறிகளும் எண்ணெய் ஆலைகளும் பெருகியபோது நூலும் துணியும் எண்ணெய் வித்துகளும் லாரியிலும் டெம்போவிலும் ஆட்டோவிலும் ஏறின. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்த இந்த ஊரின் சாலை வரலாற்றை, வண்டிகள் எவ்வாறு நிறுத்தப்பட்டன என்ற ஒரு கேள்வியைக் கொண்டே படிக்கலாம்.

அந்தக் கேள்வி கூர்மையாக எழும் வண்டி, எஞ்சினைப் பின்னால் வைத்த ‘டியூன் பக்கி’, அதாவது தேரிக்காடு போன்ற மணல்மேடுகளில் ஓடுவதற்காகக் கட்டப்படும் இலகுவான திறந்த வண்டி. கலிபோர்னியாவின் புரூஸ் மேயர்ஸ் 1964இல் உருவாக்கிய ‘மேயர்ஸ் மாங்க்ஸ்’ இவ்வகையின் முன்மாதிரியாயிற்று. அவர் போக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தை ஏறத்தாழ 36 செ.மீ. வெட்டிக் குறுக்கி, அதன்மேல் கண்ணாடியிழை உடலைப் பொருத்தினார். எஞ்சின், கியர்பெட்டி, பிரேக் ஆகியவை பீட்டிலுடையவையே. பீட்டிலின் பிரேக் வரலாறோ மெதுவாக நகர்ந்த ஒன்று: தொடக்கத்தில் பெடலின் விசை எஃகு கேபிள் வழியாகவே சக்கரங்களுக்குப் போயிற்று, ஏற்றுமதி மாடலுக்கு 1950இல்தான் ஹைட்ராலிக் பிரேக், அதாவது குழாயில் அடைத்த எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் வந்தது, அதே அடித்தளத்தில் பிறந்த கார்மன் கியா காருக்கு 1966இல் முன்சக்கர டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் தட்டைக் கவ்வி நிறுத்தும் பிரேக் கிடைத்தது. பக்கியின் பிரேக்கை மேம்படுத்தும் வேலை பீட்டிலின் பழைய டிரம்களிலிருந்தே, அதாவது சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்திப் பிடிக்கும் பிரேக்குகளிலிருந்தே தொடங்கியது.

இவ்வண்டி வெள்ளகோவில் பக்கம் புழங்கியதன்று. ஆனால் அது எழுப்பும் சிக்கல்கள் ஒவ்வொன்றையும் கொங்கு நாட்டு வண்டிக்காரர்களும் உழவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் வேறு வடிவங்களில் அறிந்திருந்தனர். இரட்டை மாட்டு வண்டியில் ஒரே அச்சுத்தான் உண்டு என்பதால் பாரம் அச்சுக்கு முன்னால் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுந்தால் நுகம் மேலெழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம், பின்பாரம் என்று இவற்றைக் குறித்த வண்டிக்காரர்கள், பருத்திப் பொதியை ஒரு சாண் முன்னோ பின்னோ தள்ளி வைத்தே சமன் கண்டனர். சரிவில் இறங்கும்போது வண்டி மாட்டின்மேல் மோதாதிருக்கச் சில வண்டிகளில் சக்கரங்களை ஒட்டிக் குறுக்காக ஒரு மரக்கட்டை தொங்கவிடப்பட்டு, வண்டிக்காரர் கயிற்றை இழுக்க அது இரும்புப் பட்டாவில் உரசியது. சமநிலத்தில் மாடே பிரேக்காக இருந்தது என்றாலும், ரப்பர் டயர் பூட்டிய வண்டி எளிதாக உருண்ட அளவுக்கு நிற்கத் தயங்கியதால், மாட்டின் கழுத்தும் குளம்பும் அதன் விலையைக் கொடுத்தன.

மோட்டார் வண்டி வந்தபோது பிரேக் பின்சக்கரங்களுக்கே உரியதாக இருந்தது. கோவையின் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டிய 1920இல், உலகின் பெரும்பாலான மோட்டார் வண்டிகளுக்கு முன்சக்கர பிரேக் கிடையாது. திரும்பும் சக்கரத்துக்குக் கம்பியும் கேபிளும் கொண்டு விசையைச் சீராகக் கடத்துவது கடினம் என்பது ஒரு காரணம், முன்சக்கரத்தைப் பிடித்தால் வண்டி கவிழும் என்ற அச்சம் மற்றொன்று. 1921இல் அமெரிக்காவின் டியூசன்பெர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் வந்து, 1924இல் கிரைஸ்லர் அதை நடுத்தர விலைக்குக் கொண்டு வந்தபின்பே அந்த அச்சம் விலகியது. தமிழகத்தில் இத்தொழில் வேரூன்றியது 1962இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய நிறுவனங்கள் தொடங்கியபோதுதான். முன்னது ஹைட்ராலிக் பிரேக்குக்கும் பின்னது லாரி, பேருந்துகளின் ஏர் பிரேக்குக்கும் உரியவை.

பக்கியின் பிரேக்குகளில் கொங்கு உழவருக்கு மிக நெருக்கமானது, வண்டியை நிறுத்துவதற்கன்றித் திருப்புவதற்கென்றே வைக்கப்படும் பிரேக்காகும். மணலில் இலகுவான முன்சக்கரங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிடிப்பின்றி நேரே வழுக்கிச் செல்வதால், ஓட்டுநரின் கைக்கருகே இரண்டு நெம்புகோல்கள் வைக்கப்பட்டு, அவற்றில் ஒன்றை இழுத்தால் ஒரு பின்சக்கரம் மட்டும் பிடிக்கப்பட்டு வண்டி அந்தப் பக்கமாகச் சுழலும். டிராக்டரின் வலது காலடியில் இருக்கும் இரட்டைப் பெடலும் இதே வேலையைச் செய்கிறது: வயலின் ஓரத்தில் இடப்பெடலை மட்டும் மிதித்தால் இடப் பின்சக்கரம் நிற்க, டிராக்டர் நின்ற இடத்திலேயே இடப்பக்கம் திரும்புகிறது, சாலைக்கு வருமுன் இரண்டு பெடல்களையும் இணைக்கும் கொக்கியை மாட்ட மறந்தவர், வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்துக் கவிழ்கிறார். பெரும்பாலான டிராக்டர்களுக்கு முன்சக்கர பிரேக்கே இல்லை. எஞ்சின் முன்னால் இருந்தும் டிராக்டரின் எடையில் பெரும்பகுதி பெரிய பின்சக்கரங்களின்மேலேயே நிற்பதால் இந்த ஏற்பாடு மெதுவான வேகத்தில் போதுமானதாகிறது. இக்கொள்கை டிராக்டரைவிடவும் மிகப் பழையது. வெள்ளகோவில் வீரக்குமாரசாமி கோயில் தேரோட்டம் உட்படத் தமிழகத்தின் எந்தத் தேரோட்டத்திலும், தேரை இழுப்பது வடம் பிடிப்பவர் வேலையாகவும், அதை நிறுத்துவதும் திருப்புவதும் முட்டுக்கட்டை போடுபவர் வேலையாகவும் இருந்து வந்துள்ளன; ஆப்பு வடிவில் செதுக்கிய கட்டையை ஒரு பக்கச் சக்கரத்தின் கீழ் செலுத்தினால் அந்தச் சக்கரம் தயங்க, மறு பக்கம் முன்னேறித் தேர் திரும்புகிறது. உருளும் சக்கரத்துக்கு அருகே கையை நீட்டிச் செய்யும் இவ்வேலையின் ஆபத்தே, திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டதன் நியாயம். முட்டுக்கட்டை போட்டவர்களின் துணிவும் கணிப்பும் தமிழ்நாட்டுப் பொறியியல் வரலாற்றில் இடம்பெறத் தக்கவை.

எஞ்சினைப் பின்னால் சுமக்கும் வண்டி இவ்வூர்த் தெருக்களுக்கு ஆட்டோ ரிக்‌ஷாவாகவே வந்தது. பஜாஜ் நிறுவனம் 1977இல் எஞ்சினைப் பின்னால் வைத்த ஆட்டோவை வெளியிட்டது. எஞ்சினும் பயணிகளும் நூல் மூட்டைகளும் பின்அச்சின்மேலே அமர, ஒற்றை முன்சக்கரம் மிகக் குறைந்த எடையையே தாங்குவதால், அவ்வண்டியை நிறுத்தும் உழைப்பில் பெரும்பங்கு பின்டிரம்களுடையது. 2009இல் விற்பனைக்கு வந்த டாடா நானோவிலும் 624 சி.சி. எஞ்சின் பின்னால்தான் இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக், முன்னால் 135 மி.மீ. அகல டயர், பின்னால் 155 மி.மீ. அகல டயர் என்ற அமைப்பு, விலைக் குறைப்போடு பின்பாரத்தையும் கணக்கில் கொண்டதாகும்.

பின்பாரம் பிரேக்கை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம். ஓட்டுநரோடு 700 கிலோ எடையுள்ள ஒரு பக்கி, நிற்கும்போது முன்சக்கரங்களில் 280 கிலோவும் பின்சக்கரங்களில் 420 கிலோவும் தாங்குவதாகவும், அதன் அச்சுகளுக்கிடையே சுமார் 2 மீட்டர் தூரமும் எடைமையத்துக்குத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரமும் இருப்பதாகவும் கொள்வோம். தார்ச்சாலையில், புவியீர்ப்பில் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு வேகம் குறையுமாறு பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 120 கிலோ எடை பின்னிருந்து முன்னுக்குச் சாய்கிறது. அந்தக் கணத்தில் முன்னால் 400, பின்னால் 300. அதே எடையும் அளவும் கொண்ட, எஞ்சின் முன்னால் இருக்கும் வண்டியில் இது 540க்கு 160 ஆகும். மணலிலோ பிடிப்புக் குறைவென்பதால் பத்தில் மூன்று பங்குக்கு மேல் நிறுத்த இயலாது. அங்கே சாய்வது ஏறத்தாழ 50 கிலோவே, பின்சக்கரங்களே இன்னும் கூடுதலாகத் தாங்கி நிற்கும். ஆகவே பழைய காரொன்றின் பெரிய முன்டிஸ்கையும் சிறிய பின்டிரம்மையும் அப்படியே கழற்றி வந்து பக்கியில் பூட்டுவது மேம்பாடு ஆகாது. முன்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு ஸ்டியரிங் பயனற்றுப் போகும். அதைத் தவிர்க்கப் பின்பிரேக்கை அளவுக்கு மீறி வலுப்படுத்தினால், பூட்டிய பின்சக்கரங்களோடு கனத்த பின்பகுதி முன்னே வரப் பார்த்து வண்டி சுழன்றுவிடும்.

டிரம்மிலிருந்து டிஸ்குக்கு மாறுவதிலும் பட்டறையில்தான் தெரியவரும் நுணுக்கங்கள் உண்டு. டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்களில் ஒன்று, சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது தானே டிரம்மோடு இறுகிக்கொள்வதால் காலின் விசை பெருகுகிறது. டிஸ்கில் இந்த உதவி கிடையாது என்பதால் அதற்குக் கூடுதல் எண்ணெய் அழுத்தம் வேண்டும். காலிபர், அதாவது டிஸ்கை இருபுறமும் கவ்வும் உறுப்பு, டிரம்மின் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரைவிட அதிக எண்ணெயையும் கேட்கிறது. பெடலின் விசையை எண்ணெய்க்குக் கடத்தும் பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுவைத்தால் பெடல் ஆழமாகப் போகும்; அளவு மீறிப் பெரியதைப் போட்டால் பெடல் கல்லைப் போல நின்று அழுத்தம் குறையும். பக்கிகளில் பெடலும் மாஸ்டர் சிலிண்டரும் தரையோடு அமைந்து காலிபர்கள் உயரத்தில் நிற்கும்போது எண்ணெய் மெல்லப் பின்வாங்கி, முதல் மிதி வெறுமையாகப் போவதும் உண்டு. குழாயில் சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு அதைத் தடுக்கிறது. பின்டிரம்மைக் கழற்றும்போது அதனோடு கைபிரேக்கும் போய்விடுகிறது என்பதையும் பலர் பிறகே உணர்கின்றனர். மணலும் செம்மண் புழுதியும் டிரம்முக்குள் அடைந்து லைனிங்கைத் தேய்க்க, திறந்த டிஸ்கோ சுழற்சியிலேயே அவற்றை உதறிவிடுவதாலும், சூடேறினால் விரைந்து ஆறுவதாலும் இத்தனை சிரமமும் தகும்.

பின்எஞ்சின் வண்டிகளைக் கட்டும் இந்த அறிவு வளர்ந்த இடங்களில் கோவைப் பகுதியும் ஒன்று. எஸ். கரிவரதன் மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை அங்கே கட்டினார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட 2.1 கி.மீ. பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. பக்கிக்கு இன்னும் நெருங்கியது 2007இல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் இந்தியாவுக்கு வந்த ‘பாஹா’ போட்டி. பொறியியல் மாணவர்கள் தாமே கட்டும் பின்எஞ்சின் வண்டிகளுக்கு, ஒன்று பழுதானாலும் மற்றொன்று இயங்கும்படி இரண்டு தனித்தனி எண்ணெய்ச் சுற்றுகள் வேண்டும் என்றும், ஒரே பெடலால் நான்கு சக்கரங்களும் பூட்ட வேண்டும் என்றும் அது விதி வைத்தது. பிரேக் சோதனையில் தேறாத வண்டி பந்தயத் தடத்தில் இறங்க முடியாது.

எனவே இத்தகைய வண்டியைக் கட்ட முனையும் கொங்கு இளைஞர்கள், டிஸ்க் வாங்கக் கோவைக்குப் புறப்படுமுன், நெடுஞ்சாலையோரத்து எடைமேடை ஒன்றில் ஓட்டுநரை அமர்த்தி முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டும், பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்; எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் என்பதை அந்த இரண்டு சீட்டுகளிலிருந்தே கணக்கிடத் தொடங்க வேண்டும்.